கணினியின் தேதி தவறினால் திருமலை தரிசன டிக்கெட் தளமும் திறக்காது: காரணம் என்ன? சரிசெய்வது எப்படி?

திருப்பதி: திருமலை ஏழுமலையானைத் தரிசிப்பதற்கான ரூ.300 சிறப்பு நுழைவு டிக்கெட்டுகளை, திருமலை திருப்பதி தேவஸ்தானம் வழக்கமாக மாதந்தோறும் 24-ஆம் தேதி காலை 10 மணிக்கு, மூன்று மாதங்களுக்கு முன்னதாக இணையத்தில் வெளியிடுகிறது. அந்த நேரத்தில் கணினித் திரையில் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை தோன்றினால், பழி பெரும்பாலும் இணையதளத்தின் மீதே விழுகிறது. அதே தளம் செல்போனில் தடையின்றித் திறக்குமானால், முதலில் பார்க்க வேண்டியது கணினியின் தேதியைத்தான்.

பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் உண்டு. அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் இருக்கும். இன்றைய தேதி அவ்விரண்டுக்கும் இடையில் உள்ளதா என்பதைக் கணினியின் கடிகாரத்தைக் கொண்டே பிரவுசர் தீர்மானிக்கிறது. கடிகாரம் 2015-ஆம் ஆண்டைக் காட்டினால், செல்லத்தக்க சான்றிதழும் இன்னும் நடைமுறைக்கு வராத ஒன்றாகவே கருதப்படும். சான்றிதழ்களின் ஆயுளும் குறைந்து வருகிறது. 2020 செப்டம்பர் முதல் 398 நாட்களாக இருந்த உச்சவரம்பு, 2026 மார்ச் 15 முதல் 200 நாட்கள் எனவும், 2029 மார்ச் 15 முதல் 47 நாட்கள் எனவும் நிர்ணயிக்கப்பட்டுள்ளது.

எச்சரிக்கையைப் புறக்கணித்து உள்ளே செல்வது ஆபத்தானது. ஆதார் விவரங்களும் பணமும் கைமாறும் இடம் அது. தேவஸ்தானத்தின் பெயரில் இயங்கும் போலி தளங்கள் குறித்துப் பலமுறை எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது. (பூட்டுக் குறி இருப்பதாலேயே ஒரு தளம் உண்மையானதாகிவிடாது; முகவரியையும் பார்க்க வேண்டும்.)

விண்டோஸ் இயங்குதளத்தில் செட்டிங்ஸ் பகுதிக்குள் 'டைம் அண்டு லாங்குவேஜ்', பின்னர் 'டேட் அண்டு டைம்' எனச் செல்ல வேண்டும். நேர மண்டலம் இந்திய நேரமான 5.30 என்பதில் இருப்பது அவசியம். பலர் தவறுவது இங்குதான். மண்டலம் வேறு நாட்டுடையதாக இருக்க, கடிகாரத்தை மட்டும் கையால் திருத்திவிடுகின்றனர். அடுத்த முறை இணையத்தின் வழியே நேரம் தானாகச் சரிசெய்யப்படும்போது பிழை மீண்டும் வந்துவிடுகிறது.

மண்டலத்தைச் சரிசெய்த பின் 'சிங்க் நவ்' என்பதை அழுத்தலாம். எனினும் தனிக் கணினிகளில், 15 மணி நேரத்துக்கு மேற்பட்ட வேறுபாட்டை விண்டோஸ் இயல்பாகத் திருத்துவதில்லை. ஆண்டே மாறியிருந்தால், முதலில் சரியான தேதியைக் கையால் பதிவு செய்துவிட்டு, அதன் பின்னரே அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும்.

தினமும் காலையில் தேதி பின்னோக்கிச் சென்றால், கோளாறு மென்பொருளில் இல்லை. மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் சிஆர்2032 வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும். இரவில் மெயின் சுவிட்சை அணைத்துச் செல்லும் சித்தூர், திருப்பதி பிரவுசிங் சென்டர்களில் இது எளிதில் வெளிப்படும். மின்சாரம் நின்றபின் கடிகாரத்தை ஓட்டுவது அந்த பேட்டரி மட்டுமே. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு அதை மாற்றலாம். பயாஸ் அமைப்புகளும் தொடக்க நிலைக்குத் திரும்பியிருக்கக்கூடும் என்பதால், அங்கும் தேதியைச் சரிபார்க்க வேண்டும். இதை 24-ஆம் தேதி காலை 9.55 மணிக்குச் செய்ய முடியாது. முந்தைய நாளே முடித்துவிடுவது நல்லது.