ரயிலடிப் பிள்ளைகள் – 9: மூன்றாம் ஆள் கையெழுத்து

சென்ற வாரம் உக்கடத்தில் நிறுத்தியிருந்தோம். வீட்டைவிட்டு வரும் பிள்ளை ஏன் முதலில் ரயிலைத் தேடுகிறது என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். அதைத் திரும்ப எழுதவில்லை. இந்த வாரம் கோவை ஜங்ஷன் நடைமேடையில் இரவுநேரப் பணி எப்படி நடக்கிறது என்று சொல்வதாக இருந்தேன். அது அடுத்த வாரத்துக்குப் போகிறது. குறுக்கே வந்தது ஒரு முத்திரைத்தாள். இத்தாலியில் 1852 பிப்ரவரி 8 என்று தேதியிட்டது; மதிப்பு அந்த நாட்டுக் காசில் 40. தெருப்பிள்ளைகளிடையே கிறிஸ்தவ அமைப்புகள் செய்யும் பணியை எதைக் கொண்டு அளப்பது என்று இத்தனை வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அந்த அளவுகோல் இந்தத் தாளில் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு நடைமேடைக்குப் போனால்தான் அங்கே நடப்பது சரியாகக் கண்ணில் படும்.

இத்தாலியின் துரின் நகரில் தச்சுப் பட்டறை நடத்திய ஜுசேப்பே பெர்த்தோலினோவிடம், மொந்தோவி என்ற ஊரிலிருந்து வந்த ஜுசேப்பே ஒதாஸ்ஸோ என்ற இளைஞன் தொழில் பழகச் சேர்கிறான். அதற்கான ஒப்பந்தம்தான் அந்தத் தாள். தச்சுத் தொழிலை முறையாகக் கற்றுத்தர வேண்டும். தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை எதையும் வாங்கக் கூடாது. தவறு செய்தால் வாயால் சொல்லித் திருத்த வேண்டுமே தவிர அடிக்கக் கூடாது. கூலி வாராவாரம் தர வேண்டும். பழகப் பழக அது உயர வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் திருநாட்களும் அவனுடையவை. முதலாளிக்கு இத்தனை கட்டுப்பாடு என்றால் பையனுக்கும் உண்டு: சொன்னபடி கேட்டு, கவனமாக வேலை பழக வேண்டும். முதலாளி ஒருவர், பையன் ஒருவன், பையனுக்கு ஜாமீனாக அவனுடைய அப்பா. இவர்களோடு நான்காவதாக ஒரு பெயர் இருக்கிறது. உறவுக்காரரும் இல்லை, வேலை கொடுப்பவரும் இல்லை. ஜொவான்னி போஸ்கோ என்ற பாதிரியார். நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களின் பெயர்ப்பலகையில் டான் போஸ்கோ என்று படிக்கிறோமே, அவரேதான். இது முதல் ஒப்பந்தமும் அல்ல. 1851 நவம்பரிலேயே கண்ணாடித் தொழில் செய்யும் ஒருவருடன் இதேபோல் எழுதியிருக்கிறார். ஆலயத்தையும் ஜெபத்தையும் பற்றி மட்டுமே நமக்குச் சொல்லப்பட்ட ஒரு புனிதர், பையன்களுக்காகப் பட்டறை பட்டறையாகப் போய்ப் பத்திரம் எழுதியிருக்கிறார். இந்த வாரம் முழுக்க மனம் இந்த ஒரு செய்தியையே சுற்றி வருகிறது.

ஒரு தடை எழுதப்படுகிறது என்றால் அந்தக் காரியம் ஊரில் நடந்துகொண்டிருந்தது என்று பொருள். துரின் அப்போது வேகமாக வளர்ந்த நகரம். மலையடிவாரக் கிராமங்களிலிருந்து கொத்தனார் வேலைக்கும் புகைபோக்கி துடைக்கவும் சிறுவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். தொழில் பழகுவோருக்கு ஓரளவு காவலாக இருந்த பழைய கைவினைச் சங்கங்களை 1844-இல் அரசு கலைத்துவிட்டது. அந்த இடத்தில் வேறு காவல் எதுவும் வரவில்லை. பட்டறைக்குள் போன பையன் முதலாளி வீட்டுப் பாத்திரம் தேய்த்தான், அடி வாங்கினான், தொழில் கற்காமலே வயது கடந்தான். கோவையின் கணபதி வட்டாரத்தில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. டெக்ஸ்டூல் நிறுத்தத்தில் இறங்கி ஆவாரம்பாளையம் பக்கம் நடந்தால் லேத் பட்டறை, ஃபவுண்டரி, கிரைண்டருக்கும் மோட்டாருக்கும் உதிரி செய்யும் இடங்கள் என்று வரிசையாக வரும். கொங்கு மண்ணில் தொழில் என்பது பள்ளிக்கூடத்தைவிடப் பட்டறையில் பழகியதே அதிகம். எத்தனையோ பேரை முதலாளியாக்கிய வழி அது. எடுபிடியாகவே வைத்துத் தேய்த்து அனுப்பியதும் அதே வழிதான். ஒருவன் எந்தப் பக்கம் விழுவான் என்பது பெரும்பாலும் அவனுக்காகக் கேள்வி கேட்க வெளியே ஒரு ஆள் இருந்தாரா என்பதைப் பொறுத்தது.

அதற்கு அப்பா இருக்கிறாரே, போதாதா? போதாது என்று இந்தியச் சட்டமே 1933-இல் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு வந்த சிறார் உழைப்பு அடமானச் சட்டம், பெற்றவரோ பாதுகாவலரோ பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது. அப்பாவின் கையெழுத்தே பிள்ளையை விற்கக்கூடும் என்ற கசப்பான அறிவு அதில் இருக்கிறது. நம் நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். மூன்று ஆண்டு ஆலை வளாகத்திலேயே தங்கி வேலை, முடிவில் மொத்தமாக ஒரு தொகை. பேசியவர் தரகர், சம்மதித்தவர் பெற்றவர், உழைத்தவள் பெண். அவள் பக்கம் நின்று பேச நான்காவது ஆள் அங்கே இல்லை. இந்தத் தொடர் சொல்ல வருவது இதுதான்: தெருவில் நிற்கும் பிள்ளைக்கு சோறு, துணி, படுக்கை எல்லாம் வேண்டும், ஆனால் அதற்கு இல்லாமல் போன முதல் பொருள், தனக்காகப் பெயர் எழுதிப் பொறுப்பேற்கும் ஒரு மூன்றாம் ஆள். அந்த ஆளுக்கு அந்தப் பிள்ளையால் எந்த ஆதாயமும் இருக்கக் கூடாது. சோற்றுப் பொட்டலம் ஒரு வேளைக்குத் தாங்கும். கையெழுத்துப் போட்டவரை மறுநாளும் தேடிப் போய்க் கேட்கலாம்.

டான் போஸ்கோ தொடங்கிய சலேசிய சபையினர் இந்தியாவில் முதலில் காலூன்றியது நம் தஞ்சாவூரில், 1906 ஜனவரியில். தெருப்பிள்ளைகளை அவர்கள் இருக்கும் இடத்திலேயே தேடிப் போகும் பணி பின்னால் வந்தது. பெங்களூரில் 1980-இல் அதற்கென்றே ஓர் அமைப்பு எழுந்தது. தமிழ்நாட்டு நகரங்களில் அந்தப் பணிக்கு அன்பு இல்லம் என்று பெயர். கோவையில் அது உக்கடத்தில் இருப்பதைத்தான் சென்ற வாரம் பார்த்தோம். இன்றைக்கு அங்கே பணியாற்றுபவர் எதிர்கொள்ளும் தாள்கள் வேறு. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, கண்டெடுத்த பிள்ளையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். வயதுச் சான்று இல்லை என்று பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது 2009-இன் கல்வி உரிமைச் சட்டம். ஆனால் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்துக்கான கோடு அப்படியே இருக்கிறது. மருத்துவமனையிலும் அதே கோடு. 1961-இன் தொழில் பழகுநர் சட்டத்திலும், 18 வயது நிரம்பாதவருக்குப் பாதுகாவலர்தான் ஒப்பந்தம் செய்தாக வேண்டும். இந்தக் கோடுகளில் யார் எழுதுகிறார், எத்தனை காலம் எழுதுகிறார் என்று பார்த்தால் ஓர் இல்லத்தின் தரம் தெரிந்துவிடும். சுவரில் மாட்டிய படங்களிலிருந்து அது தெரியாது.

இங்கே வலுவான ஓர் எதிர்வாதம் உண்டு. அந்த மூன்றாம் ஆளுக்கு ஆதாயம் இல்லை என்று எப்படிச் சொல்வது? பிள்ளையை மதம் மாற்றுவது ஆதாயம் இல்லையா? இதை வெறுப்புப் பேச்சு என்று தள்ளிவிடுவது நேர்மை ஆகாது. அந்த முத்திரைத்தாளிலேயே சாட்சி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையை விடுமுறையாகக் கேட்டதில் ஓய்வு பாதி, வழிபாடு பாதி. ஆனால் ஒதாஸ்ஸோவும் கத்தோலிக்கன், முதலாளியும் கத்தோலிக்கர், ஊரும் அப்படியே. கோவை ஜங்ஷனில் இறங்கும் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறதோ அந்த வீட்டின் சாமியோடுதான் வருகிறது. 1992-இல் இந்தியா ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20-ஆம் பிரிவு, குடும்பத்தை இழந்த பிள்ளையை வளர்க்கும்போது அதன் மதம், பண்பாடு, மொழி அறுபடாமல் இருப்பதைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. மதத்தைப் பரப்பும் உரிமை பிறரை மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் ஸ்டெயின்ஸ்லாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் சிறுவருக்குச் சமயபோதனை தரப் பாதுகாவலரின் இசைவு வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 28-ஆம் பிரிவு. தெருப்பிள்ளை விஷயத்தில் சிக்கல் இங்கேதான். இல்லத்துப் பொறுப்பாளரே பாதுகாவலர் இடத்தில் நின்றால், இசைவு கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே ஆள். அந்த நிமிடமே அவர் மூன்றாம் ஆள் என்ற தகுதியை இழக்கிறார். ஆகவே ஞானஸ்நானத்துக்கான கோட்டில் இல்லம் ஒருநாளும் கையெழுத்துப் போடக் கூடாது. பிள்ளை வளர்ந்து தானே முடிவெடுக்கட்டும். பொங்கலானாலும் ரம்ஜான் ஆனாலும் அந்தப் பிள்ளையின் திருநாள் அதற்கு விடுமுறையாக வேண்டும். முதலாளி பையனின் திருநாளை மதிக்க வேண்டும் என்று எழுதிவைத்த 1852-ஆம் ஆண்டுத் தாளுக்கு இன்று இதுவே உண்மையான விசுவாசம்.

அப்படியென்றால் மதமே வேண்டாம், அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்பது அடுத்த வாதம். அரசின் கடமைதான், மறுக்கவில்லை. 1996-இல் மும்பையில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண்ணைத் தொண்டு நிறுவனங்களிடமிருந்து 2023-இல் அரசே எடுத்துக்கொண்டது. எண்ணை யார் நடத்தினாலும், அழைப்பு வந்த பிறகு ஒரு பிள்ளையின் அருகே தினமும் போய் உட்காரும் மனிதர் வேண்டும். பணி மாறுதல் உத்தரவு வந்ததும் அவர் மறைந்துவிடக் கூடாது. அந்தப் பிடிவாதம் பெரும்பாலும் ஏதோ ஒரு தீவிரமான நம்பிக்கையிலிருந்தே பிறந்திருக்கிறது. அந்த நம்பிக்கை கிறிஸ்தவமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கோவையில் அவினாசிலிங்கம் 1930-இல் தொடங்கிய வித்யாலயம் ராமகிருஷ்ணரின் பெயரில் எழுந்தது. கடவுளே இல்லை என்ற பெரியாரின் இயக்கம் திருச்சியில் நாகம்மையார் குழந்தைகள் இல்லத்தை நடத்துகிறது. அங்கே வளரும் பிள்ளைகளின் தலைப்பெழுத்து ஈ.வெ.ரா.ம. பெரியாரும் மணியம்மையும் தங்கள் பெயரையே அப்பா அம்மா பெயராகக் கொடுத்துவிட்டார்கள். பள்ளியில் வருகைப் பதிவின்போதும் கல்யாணப் பத்திரிகையிலும் அந்தப் பிள்ளை தலைகுனிய வேண்டியதில்லை. மூன்றாம் ஆள் கையெழுத்து எவ்வளவு ஆழத்துக்குப் போக முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தமிழ்நாட்டில் எனக்குத் தெரியவில்லை. ஒரு பாதிரியாரின் பத்திரமும் ஒரு நாத்திகரின் தலைப்பெழுத்தும் ஒரே வேலையைச் செய்கின்றன.

எவ்வளவு செய்தாலும் ஓடிவிடுகிறார்களே, திருடுகிறார்களே என்ற சலிப்புக்கும் பதில் பழைய துரினில் கிடைக்கிறது. டான் போஸ்கோ முதலில் சில பையன்களை வைக்கோல் பரணில் தூங்க வைத்தார். விடிந்து பார்த்தால் பையன்களையும் காணோம், போர்வைகளையும் காணோம். 1847 மே மாதம், மழையில் நனைந்து ஓர் அநாதைப் பையன் வந்து நின்றபோது அவருடைய தாய் மார்கரீத்தா சமையலறையில் படுக்கை போட்டுக் கொடுத்தார். பாத்திரம் பறிபோகாமல் இருக்கச் சமையலறைக் கதவைப் பூட்டியும் வைத்தார். பூட்டிய கதவில் நம்பிக்கையின்மை இருக்கிறது. ஆனாலும் படுக்கை உள்ளேதான் போடப்பட்டது. நம்பிக்கை முழுதாக வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அந்தச் சமையலறையிலிருந்து முத்திரைத்தாளுக்கு வர ஐந்து ஆண்டுகள் கூட ஆகவில்லை. ஓடிப்போகும் பிள்ளையைக் காரணம் காட்டிப் பணியை நிறுத்துவோர் கணக்கைப் பரணிலேயே முடித்துவிடுகிறார்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. 18 வயது ஆனதும் இல்லத்தின் கணக்கில் பையன் முடிந்துபோகிறான். சட்டம் 21 வரை பின்பராமரிப்புக்கு இடம் தருகிறது. வாடகை வீட்டுக்கும், வங்கிக் கடனுக்கும், பட்டறையில் சேரவும் ஒருவர் பெயர் சொல்ல வேண்டியிருப்பது அந்த வயதில்தான். கணபதியின் பட்டறைக்காரர்கள் அத்தகைய இளைஞர்களை எடுபிடியாக எடுக்காமல், பழகுநர் சட்டப்படி ஒப்பந்தம் எழுதி எடுக்க வேண்டும். அதில் ஜாமீனாக நிற்க உக்கடத்திலிருந்து ஒருவர் வர வேண்டும். அடி கூடாது, வேறு வேலை கூடாது, கூலி உயர வேண்டும் என்ற மூன்று வரிகள் 1852-இலேயே எழுதித் தயாராக இருக்கின்றன.

அடுத்த வாரம் கட்டாயம் நடைமேடைக்குப் போவோம். 1841 டிசம்பர் 8 அன்று டான் போஸ்கோ சந்தித்த முதல் தெருப்பையன் கரேல்லி, பெற்றோரைப் பற்றியும் படிப்பைப் பற்றியும் கேட்ட எதற்கும் இல்லை என்றே சொன்னான். சீழ்க்கை அடிக்கத் தெரியுமா என்று கேட்டதும் சிரித்தான். பெயரும் ஊரும் சொல்லாமல் வாயை இறுக்கி மூடியிருக்கும் பிள்ளையிடம் இன்று கோவை ஜங்ஷனில் முதலில் எதைக் கேட்பது என்பதிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)