வலசை நீர்ப்பறவைப் பாதுகாப்பும் பன்னாட்டு மாநாட்டுத் திட்டமிடலும்: ராம்சார் மாநாட்டை (1971) முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வலசை செல்லும் நீர்ப்பறவைகளைக் காக்கும்பொருட்டு நாடுகள் கூடிய மாநாடுகளுள், 1971ஆம் ஆண்டு ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் நடந்ததே நெடும்பயன் விளைத்ததாகும். ஐந்து நாள்களில் முடிந்த அம்மாநாட்டின் பின்னால் எட்டாண்டுக்கும் மேற்பட்ட தயாரிப்பு இருந்தது. அத்தயாரிப்பில் தீர்க்கப்பட்டவை எளிதில் ஏற்கப்பட்டதையும், தீர்க்காமல் விடப்பட்டவை பின்னர்ப் பல்லாண்டுத் தாமதத்திற்குக் காரணமானதையும் இக்கட்டுரை விளக்குகிறது. மத்திய ஆசிய வலசைப் பாதைக்கு இப்பட்டறிவு எவ்வகையில் பொருந்துகிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: வலசை, நீர்ப்பறவைகள், ஈரநிலம், ராம்சார் உடன்படிக்கை, மத்திய ஆசிய வலசைப் பாதை, சைபீரியக் கொக்கு

முன்னுரை

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திற்குக் குளிர்காலத்தில் வந்து சேரும் வரித்தலை வாத்து, மங்கோலியாவிலும் திபெத்துப் பீடபூமியிலும் குஞ்சு பொரிப்பது. இமயமலையைக் கடந்து வரும் அப்பறவை எந்த ஒரு நாட்டுக்கும் உரியதன்று. அது கூடு கட்டும் ஏரி ஓர் அரசின் கையில் இருக்கிறது. இறங்கி இளைப்பாறும் சதுப்பு இன்னோர் அரசின் கையில். குளிர்காலம் கழிக்கும் குளம் மூன்றாவதோர் அரசின் கையில். இம்மூன்றுள் ஒன்று வற்றினாலும், மற்ற இரண்டையும் எத்துணைச் செம்மையாகக் காத்தாலும் பயனில்லை. வலசை நீர்ப்பறவைப் பாதுகாப்பில் பன்னாட்டு மாநாடு தவிர்க்க இயலாததாவது இதனாலேயே. மாநாடு என்பது இங்குச் சடங்கு அன்று, அதுவே வேலைக்கருவி. அக்கருவி எப்படி வடிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அதன் கூர்மை அமையும்.

பெயரும் தொடக்கமும்

ராம்சார் என்பதைப் பலரும் ஏதோ ஒரு நீண்ட பெயரின் சுருக்கம் என்றோ, அறிவியலாளர் ஒருவரின் பெயர் என்றோ கருதுவதுண்டு. அது காஸ்பியன் கடலின் தென்கரையில், எல்புர்ஸ் மலைத்தொடருக்கும் கடலுக்கும் இடையே அமைந்த ஒரு நகரத்தின் பெயர். உண்மையில் சுருக்கப் பெயராக விளங்கியது அதற்கு முந்தைய திட்டமாகும். ‘மார்’ என்ற அத்திட்டப் பெயர், சதுப்புநிலத்தைக் குறிக்கும் ஆங்கில, பிரெஞ்சு, ஸ்பானியச் சொற்களான மார்ஷ், மாரெகாஜ், மாரிஸ்மா ஆகியவற்றின் பொதுவான முதலசையிலிருந்து எடுக்கப்பட்டது. மூன்று மொழியாரும் தம்முடையது என்று உணரத்தக்க ஒரு சொல்லைத் தேர்ந்தமையும் திட்டமிடலின் ஒரு கூறே எனலாம்.

மார் திட்டத்தின் மாநாடு 1962 நவம்பரில் பிரான்சின் கமார்க் பகுதியில் உள்ள செந்த் மரி த ல மேர் என்னும் கடலோர ஊரில் கூடியது. அதனை ஏற்பாடு செய்தவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பறவையியலாளர் லுக் ஹோஃப்மன். அவர் 1954இல் கமார்க் சதுப்புகளின் நடுவே துர் து வாலா என்னும் ஆய்வு நிலையத்தை நிறுவியிருந்தார். எனவே பேராளர்கள் பேசிய பொருள் அரங்கிற்கு வெளியே கண்ணெதிரே இருந்தது. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல் ஒன்று வேண்டும், அப்பட்டியலுக்கு அடிப்படையாக ஓர் உடன்படிக்கை வேண்டும் என்ற இரு கோரிக்கைகளும் அங்கேயே எழுந்தன. ஐரோப்பாவுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் உரிய பட்டியல் 1965இல் வெளிவந்தது. உடன்படிக்கைக்கோ மேலும் ஆறாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இடையில் நடந்த கூட்டங்கள்

அந்த ஆண்டுகள் வீணாகவில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ் (1963), நோர்ட்வெய்க் (1966), லெனின்கிராட் (1968), மோர்ஜ் (1968), வியன்னா (1969), மாஸ்கோ (1969), எஸ்போ (1970) என அடுத்தடுத்துக் கூட்டங்கள் நடந்தன. இவ்வரிசையைக் காலவரிசையாக மட்டும் படித்தால் அதன் பொருள் புலப்படாது. நேட்டோ நாடுகளும் சோவியத் ஒன்றியமும் ஒன்றையொன்று ஐயத்துடன் நோக்கிய காலம் அது. 1968 ஆகஸ்டில் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தன; அதே ஆண்டில்தான் லெனின்கிராட் கூட்டம் நடந்தது. ஆயினும் இழை அறுபடவில்லை. அடுத்த ஆண்டே மாஸ்கோவில் மீண்டும் கூடினர். ஆர்க்டிக் தூந்திரப் பகுதியில் குஞ்சு பொரிக்கும் வாத்துகளும் உள்ளான்களும் சோவியத் மண்ணிலிருந்தே மேற்கு ஐரோப்பாவுக்குச் செல்கின்றன. எனவே சோவியத் ஒன்றியத்தை விலக்கிய உடன்படிக்கை பாதி வழியில் நின்றுவிடும் என்பதை ஏற்பாட்டாளர்கள் தெளிவாக உணர்ந்திருந்தனர்.

இக்கூட்டங்களுக்குப் பெரும்பாலும் பன்னாட்டு நீர்ப்பறவை ஆய்வுக் கழகம் பொறுப்பேற்றது. பேராசிரியர் ஜெஃப்ரி மேத்யூஸ் வழிநடத்தினார். அரசு மட்டத்தில் நெதர்லாந்து முன்னின்றது. அறிவியலார் அமைப்பு ஒன்றும் அரசு ஒன்றும் இணைந்து செயல்பட்ட இம்முறை கவனிக்கத்தக்கது. அறிவியலார் மட்டும் கூடினால் தீர்மானம் பிறக்கும், கடப்பாடு பிறக்காது. அரசுகள் மட்டும் கூடினாலோ கடப்பாட்டில் பறவை இராது.

வரைவின் உள்ளடக்கமும் இக்காலத்தில் மாறியது. தொடக்கத்தில் பறவைகளுக்கான காப்பிடங்களின் வலையமைப்பு ஒன்றை உருவாக்குவதே நோக்கமாயிருந்தது. சட்ட அறிஞர் சிரில் த கிளெம் அளித்த ஆலோசனையின் துணையோடு, இனங்களைக் காட்டிலும் வாழிடமே முதன்மை பெற்றது. இம்மாற்றம் மாநாட்டு அரங்கில் நிகழ்ந்திருக்குமாயின் மாநாடே கலைந்திருக்கக்கூடும். ஒரு நாட்டின் நிலத்தின்மீது பிறநாட்டார் கருத்துரைப்பதை எந்த அரசும் எளிதில் ஏற்பதில்லை. சிறு கூட்டங்களில் சொல்லுக்குச் சொல் பேசி முடித்ததால், ராம்சாருக்கு வந்தவர்களின் கையில் ஏறத்தாழ முதிர்ந்த வரைவு இருந்தது.

இடமும் காலமும்

ஈரானின் வேட்டை, மீன்வளத் துறைத் தலைவர் எஸ்கந்தர் ஃபிரூஸ் மாநாட்டை ஏற்று நடத்தினார். ஐரோப்பியத் தலைநகரங்களை விடுத்து ஈரானைத் தேர்ந்ததில் இரு நன்மைகள் இருந்தன. ஆசிய நாடுகள் விருந்தினராக மட்டும் நில்லாது பங்காளிகளாக வர இயன்றது. காஸ்பியனின் தென்கரைத் தாழ்நிலம் வடக்கிலிருந்து வரும் வாத்துகளின் பெருங்குளிர்காலப் புகலிடமாதலால், ஜனவரி 30 முதல் பிப்ரவரி 3 வரையிலான நாள்களில் பறவைகளும் அங்கேயே இருந்தன.

காலத்தேர்வில் ஒரு சிக்கலும் உண்டு. நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு உலகெங்கும் ஜனவரி நடுப்பகுதியில் நடைபெறுகிறது. 1967இல் தொடங்கிய பன்னாட்டுக் கணக்கெடுப்புக்கும், 1987இல் தொடங்கிய ஆசியக் கணக்கெடுப்புக்கும் இதுவே பருவம். மாநாட்டுக்கு வேண்டப்படும் வல்லுநர்களே அப்போது சேற்றில் தொலைநோக்கியுடன் நிற்பவர்கள். ஏப்ரலுக்குத் தள்ளினால் பறவைகள் வடக்கு நோக்கிப் புறப்படும் பருவம். ஜூனில் வைத்தால் தூந்திரத்தில் கூடு ஆய்பவர்கள் வரமாட்டார்கள். பறவைகள் ஓய்ந்திருக்கும் மாதம் ஒன்று நாள்காட்டியில் இல்லை. ஆகையால் யாருடைய வருகை இன்றியமையாதது என்பதை முடிவுசெய்த பின்னரே நாள் குறிக்கப்பட வேண்டும்; நடைமுறையிலோ அரங்கம் கிடைக்கும் நாளே மாநாட்டு நாளாகிவிடுகிறது.

1971 பிப்ரவரி 2 அன்று உடன்படிக்கையின் வாசகம் ஏற்கப்பட்டது. மறுநாள் 18 நாடுகளின் பேராளர்கள் கையொப்பமிட்டனர். அவர்களுள் இந்தியரும் பாகிஸ்தானியரும் இருந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் அவ்விரு நாடுகளும் போரில் இறங்கின என்பதை எண்ணும்போது, அந்த மேசையின் அருமை புலனாகிறது.

விடுபட்டவை

ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டித் தீர்த்தவை நிலைத்தன. ஈரநிலங்களை அறிவார்ந்த முறையில் பயன்படுத்தல் என்னும் கருத்து அன்று இடம்பெற்றதே இன்றும் உடன்படிக்கையின் அச்சாக உள்ளது. நாடுகள் அனுப்பும் பேராளர்களுள் ஈரநிலத்திலோ நீர்ப்பறவையிலோ அறிவும் பட்டறிவும் உடையோர் இடம்பெற வேண்டும் என்று உடன்படிக்கையே விதித்தது. மாநாட்டிற்கு யார் வரவேண்டும் என்பதைச் சட்ட வாசகமாகவே ஆக்கிய இவ்விதி அரியது.

தீர்க்காமல் விட்டவை வேறுவகையில் நினைவூட்டின. உடன்படிக்கையைத் திருத்தும் வழிமுறை எதுவும் அதில் எழுதப்படவில்லை. பணம் எங்கிருந்து வரும் என்பதும் இல்லை. தலைமையகப் பணிகளைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் கவனித்துக்கொள்ளும் என்று மட்டும் கூறப்பட்டது. தேவை எழும்போது மாநாடு கூடும். கூடினாலும் அது ஆலோசனைத் தன்மையதே. பல மொழி வாசகங்களுக்கிடையே வேறுபாடு எழுந்தால் ஆங்கிலமே செல்லும் என்ற விதி, பிறமொழி நாடுகள் தயங்குவதற்கு இடமளித்தது.

இக்குறைகளின் விலையை ஆண்டுகளால் அளக்கலாம். ஏழு நாடுகள் இணைந்து உடன்படிக்கை நடைமுறைக்கு வர 1975 டிசம்பர் 21 ஆயிற்று. அதற்கு முன்னரே, 1974இல், மேற்கு ஜெர்மனியின் ஹைலிகன்ஹாஃபனில் ஒரு மாநாடு கூடியது. ஓர் இனத்தொகையின் நூற்றில் ஒரு பங்கு தங்கும் இடம் பன்னாட்டு முக்கியத்துவம் உடையது என்ற அளவுகோல் அங்கே வகுக்கப்பட்டது. எந்த ஏரி பட்டியலில் சேரும் என்னும் வழக்கை எண்ணால் தீர்க்கலாம் என்ற நிலை அதனால் ஏற்பட்டது. ஆனால் நூற்றில் ஒன்றைக் கண்டறிய முழுத்தொகை தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பாதை நெடுகிலும் ஒரே பருவத்தில் எண்ண வேண்டும். எண்ணாத நாட்டின் பறவை கணக்கில் வாராது. உறுப்பு நாடுகளின் முதல் மாநாடு 1980இல்தான் காலியாரியில் நடந்தது. திருத்த வழிமுறையைச் சேர்த்த பாரிஸ் நெறிமுறை 1982இல் உருவாகி 1986இல் செயலுக்கு வந்தது. வரவுசெலவுத் திட்டத்தையும் நிலைக்குழுவையும் மாநாட்டின் அதிகாரத்தையும் வரையறுத்த ரெஜைனா திருத்தங்கள் 1987இல் ஏற்கப்பட்டு 1994இல்தான் செல்லுபடியாயின. ஐந்து நாளில் எழுதாமல் விட்ட சில பத்திகளை எழுதி முடிக்க 23 ஆண்டுகள் ஆயின என்பது மிகையன்று. எழுத முயன்றிருந்தால் 1971இல் உடன்பாடே கிட்டியிராது என்று வாதிடுவோரும் உளர். அவ்வாதத்தை முற்றிலும் புறந்தள்ள இயலாது. எனினும், திருத்த வழிமுறையை விட்டது உத்தியால் அன்று, கவனக்குறைவால் என்றே தோன்றுகிறது.

இப்பாடத்தை நெதர்லாந்து மறக்கவில்லை. 1995இல் தி ஹேக் நகரில் உருப்பெற்ற ஆப்பிரிக்க-யூரேசிய வலசை நீர்ப்பறவை ஒப்பந்தத்தில் செயலகம், நிதி, தொழில்நுட்பக் குழு, குறித்த இடைவெளியில் உறுப்பினர் கூட்டம் ஆகிய அனைத்தும் தொடக்கத்திலேயே இடம்பெற்றன. அது நான்கே ஆண்டுகளில், 1999இல், நடைமுறைக்கு வந்தது.

மத்திய ஆசியப் பாதையும் சைபீரியக் கொக்கும்

சைபீரியக் கொக்கின் மத்தியத் தொகை மேற்குச் சைபீரியாவில் குஞ்சு பொரித்து, ஆப்கானிஸ்தானத்து ஆப்-இ-எஸ்தாதா ஏரியில் இறங்கி, பாகிஸ்தான் வழியாக ராஜஸ்தானின் பரத்பூருக்கு வந்தது. இவ்வழியில் உள்ள நாடுகளுள் சோவியத் ஒன்றியம், பாகிஸ்தான், இந்தியா ஆகியன ராம்சாரில் கையொப்பமிட்டன. ஆப்கானிஸ்தான் கையொப்பமிட்டோருள் இல்லை. பரத்பூரின் கேவலாதேவ் 1981இல் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கொக்கு தங்கும் குளம் காக்கப்பட்டது. வழியில் நிகழ்ந்த வேட்டை நிற்கவில்லை. வலசை இனங்கள் உடன்படிக்கையின்கீழ் இக்கொக்குக்கென்றே 1993இல் புரிந்துணர்வு ஏற்பட்டபோது எஞ்சியவை மிகச் சிலவே. 2002க்குப் பின் பரத்பூருக்கு அவை வரவில்லை. பட்டியலில் உள்ள குளத்தில் பறவை இல்லாமற்போன இந்நிகழ்வு, பாதையில் ஒரு கண்ணி விடுபட்டாலும் என்ன நேரும் என்பதற்குச் சான்றாகும்.

மத்திய ஆசிய வலசைப் பாதை 30 நாடுகளை உள்ளடக்கியது. அதற்கான செயல்திட்டம் 2001இல் தாஷ்கண்டில் விவாதிக்கப்பட்டு 2005இல் புதுதில்லியில் இறுதி செய்யப்பட்டது. 182 நீர்ப்பறவை இனங்கள் அதில் அடங்கும். ஆனால் அதனை எந்தச் சட்ட ஏற்பாட்டின்கீழ், யார் செலவில் நடத்துவது என்ற வினா பல்லாண்டு தொடர்ந்தது. ராம்சார் விட்டதையே இதுவும் விட்டது எனலாம். 2024 பிப்ரவரியில் சமர்கந்தில் கூடிய வலசை இனங்கள் மாநாடு இப்பாதைக்கென ஒரு முன்முயற்சியை ஏற்று, ஒருங்கிணைப்பு அலகை இந்தியாவில் அமைக்க வழிசெய்தது.

தமிழகத்தில் கோடியக்கரை 2002இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. நெடுங்காலம் அதுவே தனித்து நின்றது. 2022இல் பள்ளிக்கரணை, வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம் உள்ளிட்டவை சேர்ந்தன. இலங்கையின் புந்தல 1990இலேயே சேர்ந்துவிட்டது. இவ்விடங்களில் ஜனவரிதோறும் எண்ணுவோர் பெரும்பாலும் தன்னார்வலரும் கல்லூரி மாணவரும் ஆவர். அவர்கள் குறிக்கும் எண், மங்கோலிய ஏரிக்கரையில் கோடையில் குறிக்கப்படும் எண்ணுடன் ஒரே அட்டவணையில் அமர்ந்தாலன்றி வரித்தலை வாத்தின் நூற்றில் ஒரு பங்கு எவ்வளவு என்று கணக்கிட இயலாது. ஒருங்கிணைப்பு அலகு கூட்டும் கூட்டங்களில் யார் செலவில் எந்நாட்டுக் கணக்கெடுப்பாளர் வருவார், அட்டவணை எம்மொழியில் இருக்கும், எந்த மாதத்தில் கூடுவர் என்பன அழைப்பிதழ் அச்சாகும் முன்னரே முடிவாக வேண்டியவை.