எடை மெஷின் சொல்லும் கொழுப்பு சதவீதம்: எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது?

ரயில் நிலையங்களில் வண்ண விளக்குகள் சுழலும் எடை மெஷின் இருந்தது பலருக்கு நினைவிருக்கலாம். ஏறி நின்று காசு போட்டால் சின்ன அட்டை ஒன்று விழும். அதில் எடையும் இருக்கும், ஒரு வரி ஜோசியமும் இருக்கும். எடையை நம்புவோம். ஜோசியத்தைப் படித்துச் சிரித்துவிட்டு சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம்.

இன்று வீட்டுக்கு வாங்கும் ப்ளூடூத் எடை மெஷினும் இரண்டையும் சேர்த்தே தருகிறது. வெறும் காலுடன் ஏறி நின்றால் போதும். எடை, பிஎம்ஐ, கொழுப்பு சதவீதம், தசை, நீர்ச்சத்து, எலும்பு எடை, வயிற்றுக் கொழுப்பு, 'உடல் வயது' என்று பத்துப் பன்னிரண்டு எண்கள் செல்போனில் வரிசையாக வந்து விழுகின்றன. ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலர் வேறு. இவற்றில் எது எடை, எது ஜோசியம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் இந்த மெஷினால் பயன். எனக்கு அது தெரியாததால் எங்கள் வீட்டில் எட்டு மாதம் வீணானது.

நான் செய்த தவறு

அப்பாவுக்கு வயது 61, எடை 72 கிலோ. அவருக்காக இப்படி ஒரு மெஷின் வாங்கி, அதன் ஆப்பை நானே அவர் போனில் நிறுவினேன். ஆப் உயரத்தைச் சென்டிமீட்டரில் கேட்டது. அப்பா 5 அடி 9 அங்குலம். நான் கால்குலேட்டரில் 5.9 என்று போட்டு 30.48 ஆல் பெருக்கினேன். கிட்டத்தட்ட 180 வந்தது. அதையே கொடுத்தேன்.

தவறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டீர்களா? ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். ஆகவே 5 அடி 9 அங்குலம் என்பது 5.9 அடி அல்ல, 5.75 அடி. அதாவது 175 சென்டிமீட்டர். சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் செய்யக்கூடாத தவறு, ஆனால் செய்தேன்.

அப்பாவின் கொழுப்பு 24.1 சதவீதம் என்று ஆப் காட்டியது. அவர் வயதுக்கு 25 வரை பச்சை. ஆண்டுதோறும் எடுக்கும் ரத்தப் பரிசோதனைக்கு நாள் வந்தபோது, "எல்லாமே பச்சையா காட்டுதேடா, எதுக்கு வீணா ஊசி?" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்து அம்மாவின் தொந்தரவு தாங்காமல் போய் ரத்தம் கொடுத்தார். மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 6.3 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. அப்பா அதன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

டாக்டர் ஆப்பைப் பார்க்கவே இல்லை. மேஜை டிராயரில் இருந்து ஒரு டேப்பை எடுத்து அப்பாவின் இடுப்பை அளந்தார். 97 சென்டிமீட்டர்.

மெஷின் உண்மையில் அளப்பது என்ன?

வீட்டுக்கு வந்ததும் இந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். பன்னிரண்டு எண்கள் காட்டினாலும், மெஷின் அளப்பது இரண்டே இரண்டு விஷயங்களைத்தான்.

முதலாவது எடை. நான்கு மூலைகளிலும் உள்ள சென்சார்கள் உங்கள் பாரத்தால் மிக நுண்ணிய அளவு வளைகின்றன. அந்த வளைவு மின் சிக்னலாக மாறுகிறது. இந்த எண்ணை நம்பலாம். ஆனால் மெஷின் மெத்தென்ற விரிப்பின் மேல் இல்லாமல் சமமான தரையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது மின் தடை. மெஷினின் மேல் பளபளக்கும் உலோகத் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் வழியாக ஒரு காலில் இருந்து மறு காலுக்கு மிகச் சிறிய மாறுதிசை மின்சாரம் செல்கிறது. பொதுவாக இதன் அளவு ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு, அதிர்வெண் சுமார் 50 கிலோஹெர்ட்ஸ். நமக்கு ஒன்றும் தெரியாது. தசையில் தண்ணீரும் உப்பும் நிறைய இருப்பதால் மின்சாரம் எளிதாகப் போகும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, மின்சாரம் தடுமாறும். இந்தத் தடையைத்தான் மெஷின் ஓம் கணக்கில் அளக்கிறது.

மற்ற எல்லாமே கணக்கு. ஒரு தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் நீளமாக இருந்தால் தடை கூடும், அகலமாக இருந்தால் தடை குறையும். ஆகவே நீளமும் தடையும் தெரிந்தால் குழாயில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று கணக்கிட முடியும். உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி, மின் தடையால் வகுத்தால் கிடைக்கும் எண், உடலில் உள்ள மொத்த நீரோடு ஒத்துப்போகிறது என்பதை 1969ல் ஹோபர் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் காட்டினார்கள். கொழுப்பு நீங்கலான உடலில் சுமார் 73 சதவீதம் தண்ணீர். நீரின் அளவு தெரிந்தால் கொழுப்பு இல்லாத எடை தெரியும். மொத்த எடையில் இருந்து அதைக் கழித்தால் மீதி கொழுப்பு.

இந்தக் கணக்கில் உயரம் இரண்டு முறை பெருக்கப்படுகிறது. அதனால் அதில் சின்னத் தவறு நேர்ந்தாலும் விடை நன்றாகவே மாறும். ஆப்பில் அப்பாவின் உயரத்தை 175 என்று திருத்தி மறுபடி நிற்கச் சொன்னேன். 24.1 ஆக இருந்த கொழுப்பு 26.4 ஆனது. பச்சை மஞ்சளானது. அப்பாவின் உடலில் ஒரு கிராம் கூட மாறவில்லை.

மெஷின் இல்லாமலே ஒரு சோதனை

கொழுப்பு சதவீதத்தை மின்சாரமே இல்லாமல்கூட மதிப்பிடலாம். 1991ல் நெதர்லாந்தைச் சேர்ந்த பால் டியூரன்பர்க்கும் அவரது சகாக்களும் வெளியிட்ட சூத்திரம் இது. பிஎம்ஐயை 1.2 ஆல் பெருக்குங்கள். வயதை 0.23 ஆல் பெருக்கி அதனுடன் கூட்டுங்கள். ஆண் என்றால் 16.2, பெண் என்றால் 5.4 கழியுங்கள். பிஎம்ஐ என்பது கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்துக் கிடைப்பது.

அப்பாவுக்கு 175 என்று போட்டால் பிஎம்ஐ 23.5, கொழுப்பு 26.0. 180 என்று போட்டால் பிஎம்ஐ 22.2, கொழுப்பு 24.5. மெஷின் சொன்னதற்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள். வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா என்பதை நாமே சொல்லிவிட்டால் விடையில் பெரும்பகுதி வந்துவிடுகிறது. மின் தடை அதன் மேல் செய்யும் திருத்தம் சிறியதுதான்.

எலும்பு எடை, உடல் வயது போன்றவை இன்னும் மோசம். மெஷின் எலும்பைப் பார்ப்பதே இல்லை. மற்ற எண்களில் இருந்து யூகிக்கிறது. வயிற்றுக் கொழுப்பும் அப்படித்தான். மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடுகிறது. வயிற்றுப் பக்கம் அது அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை.

ஒரே பிஎம்ஐ, இரண்டு உடல்கள்

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கின் இருவரும் 2004ல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனால் எக்ஸ்ரே முறையில் அளந்தபோது யுட்கினின் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் கொழுப்பு 21.2 சதவீதம்! பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் இந்திய உடலில் கொழுப்பு அதிகம் இருக்கலாம், அதுவும் வயிற்றைச் சுற்றிச் சேரலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆசியர்களுக்கு பிஎம்ஐ 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004ல் சொன்னதும் இதனால்தான். வேறு நாட்டு மக்களை அளந்து உருவாக்கிய சூத்திரம் உங்கள் மெஷினுக்குள் இருந்தால், அது நமக்குக் குறைவாகக் காட்ட வாய்ப்பு உண்டு.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று ஏன்?

பலரும் கேட்கும் கேள்வி இது. ஒரு சிறிய கணக்கு போடுவோம். 72 கிலோ எடையுள்ளவருக்கு 18 கிலோ கொழுப்பு என்றால் அது 25 சதவீதம். அவர் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு உடனே ஏறி நிற்கிறார். எடை 73. வயிற்றில் உள்ள தண்ணீர் மின் தடையை உடனே மாற்றுவதில்லை. அதனால் கூடிய ஒரு கிலோவையும் மெஷின் கொழுப்புக் கணக்கில் எழுதிவிடும். இப்போது 73ல் 19 கிலோ கொழுப்பு, 26 சதவீதம். தண்ணீர் குடித்ததற்குக் கிடைத்த பரிசு!

வியர்க்க விளையாடிவிட்டு உடலில் நீர் குறைந்திருந்தாலும், பாதம் காய்ந்து வெடித்திருந்தாலும் தடை கூடிக் கொழுப்பு அதிகமாகத் தெரியலாம். ஆகவே தினமும் ஒரே மாதிரி அளப்பதுதான் முக்கியம்.

* காலையில் எழுந்து, கழிவறை போய்வந்த பிறகு, எதுவும் சாப்பிடும் முன் அளக்கவும்.
* சாக்ஸ் இல்லாமல், பாதத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டு நிற்கவும்.
* தொடைகள் ஒன்றோடொன்று உரசாதபடி நிற்கவும்.
* ஆப்பில் 'அத்லெட்' என்ற செட்டிங் இருந்தால், நீங்கள் தினமும் கடும் பயிற்சி செய்பவராக இருந்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள். கொழுப்பைக் குறைத்துக் காட்டும்.
* வீட்டில் இருவருக்கு ஒரே எடை இருந்தால், ஒருவரின் அளவு மற்றவர் கணக்கில் ஏறிவிடலாம். பெயரைச் சரிபார்க்கவும்.
* பேஸ்மேக்கர் போன்ற கருவி பொருத்தியவர்கள் இந்த மெஷினில் ஏறவே கூடாது. கர்ப்பிணிகளும் கொழுப்பு அளவைத் தவிர்க்க வேண்டும்.

எக்செல்லில் ஒரு அட்டவணை

ஆப் காட்டும் கலரைவிட நீங்களே தயாரிக்கும் அட்டவணை உபயோகமானது. எக்செல் இல்லாதவர்கள் இலவச சாப்ட்வேரான லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். எக்செல்லில் செய்யும் முறை இதோ.

1. முதல் வரிசையில் தேதி, எடை, கொழுப்பு சதவீதம், ஏழு நாள் சராசரி, இடுப்பளவு என்று ஐந்து தலைப்புகளை டைப் செய்யுங்கள். தினமும் காலையில் ஒரு வரிசை நிரப்புங்கள்.
2. ஏழாம் நாள் அன்று அதே வரிசையில் சராசரிக்கான கட்டத்தைக் கிளிக் செய்யுங்கள். ஹோம் டேபில் ஆட்டோசம் பட்டனை ஒட்டியுள்ள சிறிய அம்புக்குறியை அழுத்தி, ஆவரேஜ் என்பதைத் தேர்வு செய்யுங்கள். கொழுப்பு சதவீதத்தின் ஏழு கட்டங்களையும் மவுஸால் இழுத்துத் தேர்வு செய்து என்டர் தட்டுங்கள்.
3. அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சின்னச் சதுரத்தைப் பிடித்து, எட்டாம் நாளில் இருந்து ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம் கீழே இழுங்கள். அன்றைய தேதி வரையிலான ஏழு நாள் சராசரி தானாக வரும்.
4. தேதி, சராசரி இரண்டையும் தேர்வு செய்து, இன்சர்ட் டேபில் லைன் சார்ட் போடுங்கள். தினசரி ஏற்ற இறக்கம் மறைந்து, கோடு எந்தப் பக்கம் போகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

இடுப்பளவை வாரம் ஒரு முறை எடுத்தால் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை விட்ட நிலையில், டேப்பை இறுக்காமல் அளக்க வேண்டும். தெற்காசியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. அதை எட்டினாலே எச்சரிக்கை.

அப்பாவின் அட்டவணை

டாக்டர் சொன்னபடி அப்பா தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறார். இரவுச் சாப்பாட்டில் சோற்றைக் குறைத்துக்கொண்டார். மூன்று மாத முடிவில் அட்டவணையைப் பார்த்தோம். மெஷினின் கொழுப்பு சராசரி 26.4ல் இருந்து 25.9 ஆகியிருந்தது. ஆப் இன்னும் மஞ்சள்தான் காட்டியது. ஆனால் இடுப்பு 97ல் இருந்து 94 ஆகியிருந்தது. ஹெச்பிஏ1சி 6.3ல் இருந்து 6.1 ஆகியிருந்தது. ஆப்பை மட்டும் பார்த்திருந்தால், "நடந்து என்ன பிரயோஜனம்?" என்று அப்பா நடப்பதை நிறுத்தியிருப்பார்.

உயரத்தை நான் சரியாகப் போட்டிருந்தாலும் அந்த மெஷின் சர்க்கரையைக் கண்டுபிடித்திருக்காது. அது ரத்தத்தைப் பார்ப்பதில்லை. பச்சை கலரைப் பார்த்துவிட்டுப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டதுதான் எங்கள் பெரிய தவறு. அப்பா இப்போது ரத்தப் பரிசோதனைக்கான தேதியை போன் காலண்டரில் போட்டு அலாரம் வைத்திருக்கிறார். அலாரம் எனக்கும் அடிக்கிறது.

உங்கள் வீட்டில் இந்த மெஷின் இருந்தால், இன்றே ஆப்பைத் திறந்து ஒவ்வொருவரின் உயரமும் வயதும் சரியாக உள்ளதா என்று பாருங்கள். அப்படியே வீட்டில் உள்ள தையல் டேப்பையும் தேடி எடுத்து வையுங்கள்.