பாட்டிமார் பள்ளிக்கூடம்: ஊர் திரும்பும் நம்மவர்க்கு ஒரு பாடம்

தாதர் ஸ்டேஷனில் திருநெல்வேலி வண்டி புறப்படும் நேரத்தில் பிளாட்பாரத்தில் நின்று பாருங்கள். ஏதாவது ஒரு பெட்டியின் முன்னால் சிறு கூட்டம் ஒன்று கட்டாயம் நிற்கும். நடுவில் ஒரு பெரியவர், பக்கத்தில் அவர் மனைவி. கீழே இரண்டு டிரங்குப் பெட்டி, கயிறு போட்டுக் கட்டிய ஒரு மூட்டை. ஆபீஸ் நண்பர்கள், பக்கத்து வீட்டார், மகன், மருமகள் என்று வழியனுப்ப வந்தவர்கள் சுற்றி நிற்பார்கள். முப்பது, முப்பத்தைந்து வருஷம் இந்த ஊரில் குமாஸ்தாவாகவோ தொழிலாளியாகவோ காலம் தள்ளியவர், உத்தியோகம் முடிந்து சொந்தக் கிராமத்துக்குப் புறப்படுகிறார்.

“இனி என்ன சார், நிம்மதியாக ஊரில் இருக்க வேண்டியதுதானே!” என்று எல்லாரும் சொல்லி அனுப்புகிறார்கள். அந்த நிம்மதி அவருக்குக் கிடைக்கிறதா என்று விசாரிப்பவர்கள் மிகச் சிலரே.

எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர். கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். அம்பாசமுத்திரம் பக்கத்தில் கிராமம். பூர்வீக வீட்டைப் பழுது பார்த்து, கிணற்றைத் தூர் வாரி, மனைவியோடு போய்ச் சேர்ந்தார். எட்டு மாதம் கழித்து டோம்பிவிலி ஸ்டேஷனில் அவரைப் பார்த்துத் திடுக்கிட்டேன். மகன் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார்.

“ஊருக்கு ஒரு குறையும் இல்லை, சார். தண்ணீர் நல்ல தண்ணீர். காற்று நல்ல காற்று. ஃபாஸ்ட் லோக்கலுக்கு ஓட வேண்டாம். ஆனால், காலையில் சட்டையை மாட்டினால் போவதற்கு ஓர் இடம் இல்லை. நான் வரவில்லையே என்று தேடுவதற்கும் ஓர் ஆள் இல்லை” என்றார்.

பென்ஷன், வைத்தியம், பிள்ளைகளின் ஆதரவு ஆகியவற்றைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அவை வேண்டியவைதாம். ஆனால் நண்பர் சொன்ன குறையை இவற்றில் எதுவும் தீர்க்காது. அதைத் தீர்க்க என்ன வழி? விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாம் வாழும் இந்த மகாராஷ்டிரத்திலேயே, கல்யாணைத் தாண்டி ஒரு குக்கிராமத்தில் அது இருக்கிறது.

பாங்கணே கிராமத்தில்

தாணே மாவட்டம், முர்பாட் தாலுகாவில் உள்ளது பாங்கணே கிராமம். மும்பையிலிருந்து ஏறக்குறைய 125 கிலோமீட்டர். விவசாயத்தை நம்பி வாழும் சிற்றூர். 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் அங்கே சிவாஜி ஜெயந்தி நடந்தது. பாராயணம் படிக்கப்பட்டபோது உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த வயதான பெண்கள், “எங்களுக்கும் இப்படிப் படிக்கத் தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்” என்ற தங்கள் ஏக்கத்தை வெளியிட்டார்கள். ஊர்ப் பள்ளியின் ஆசிரியர் யோகேந்திர பாங்கர் காதில் இது விழுந்தது. வயதானவர்கள் ஏதோ சொல்கிறார்கள் என்று அவர் விட்டுவிடவில்லை.

அதற்கடுத்த மாதமே, மார்ச் 8ஆம் தேதி மகளிர் தினத்தன்று, “ஆஜிபாய்ச்சி சாளா” தொடங்கியது. பாட்டியின் பள்ளிக்கூடம் என்று பொருள். மாணவிகள் எல்லாரும் 60 வயதிலிருந்து 90 வயது வரை உள்ளவர்கள். இளஞ்சிவப்பு நிறப் புடவைதான் யூனிபாரம். தோளில் பை, பையில் சிலேட்டு, பலப்பம். ஓர் அறக்கட்டளை இவற்றை வாங்கிக் கொடுத்தது. பாடம் சொல்லிக் கொடுக்க முன்வந்தவர் வெளியூர் பண்டிதர் அல்லர். அந்த ஊரின் மருமகள் ஒருவர். அவருடைய மாமியாரும் அந்த வகுப்பில் ஒரு மாணவி. மாமியாருக்கு மருமகள் வீட்டுப்பாடம் கொடுக்கும் காட்சியை வேறெங்கே பார்க்க முடியும்!

வகுப்பு பிற்பகல் 2 மணியிலிருந்து 4 மணி வரை. காலையில் சமையலும் வயல் வேலையும் முடிந்து, மாலை வேலை தொடங்குவதற்கு முன் கிராமத்துப் பெண்களுக்குக் கிடைக்கும் ஓய்வு நேரம் அதுதான். அந்த நேரத்தைப் பார்த்து வகுப்பை வைத்ததுதான் இப்பள்ளியின் முதல் சாமர்த்தியம்.

மராத்தி எழுத்துக்கள், எண்கள், தன் பெயரை எழுதுதல், வாய்ப்பாட்டுகள் என்று பாடம் நடந்தது. பார்வை மங்கியவர்களும் காது சற்று மந்தமானவர்களும் இருந்தார்கள். நேற்றுப் படித்தது இன்று மறந்துபோகும். வீட்டில் பேரக் குழந்தைகள் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் சொல்லிக் கொடுத்தார்கள். பாங்கில் பெருவிரல் ரேகை வைத்துக்கொண்டிருந்தவர்கள் கையெழுத்துப் போடத் தொடங்கினார்கள். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நாள்தோறும் அந்த இரண்டு மணிக்குத் தம்மை எதிர்பார்க்கும் ஓர் இடம் அவர்களுக்குக் கிடைத்தது. ஒருத்தி வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று கேட்க மற்றவர்கள் இருந்தார்கள். டோம்பிவிலி நண்பருக்கு ஊரில் கிடைக்காமல் போனது இதுதானே?

96 வயதில் பரீட்சை

கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மாள், 2018இல் அந்த மாநில எழுத்தறிவு இயக்கத்தின் “அட்சரலட்சம்” பரீட்சையை எழுதினார். அப்போது அவருக்கு வயது 96. பெற்ற மதிப்பெண் நூற்றுக்கு 98, மாநிலத்திலேயே முதலிடம். 2020ஆம் ஆண்டு ஜனாதிபதியின் கையால் நாரீ சக்தி விருது பெற்றார். 2023 அக்டோபரில், 101ஆவது வயதில் காலமானார். படிப்புக்கு வயது ஏது என்று நாம் வாயளவில் சொல்வதை அவர் செய்து காட்டிவிட்டுப் போனார்.

இது திடீரென்று நிகழ்ந்த அதிசயமல்ல. பி. என். பணிக்கர் 1945ஆம் ஆண்டு 47 கிராம நூலகங்களை ஒன்று சேர்த்துத் தொடங்கிய நூலக இயக்கம் கேரளக் கிராமங்களில் வாசகசாலைப் பழக்கத்தை ஊன்றியது. பத்திரிகை படிக்கவும், படித்ததைப் பற்றி விவாதிக்கவும் முதியவர்களுக்கு அங்கே ஓர் இடம் உண்டு. படிக்கத் தெரியாதவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம்.

நம் ஊர் நிலைமை

2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் சுமார் 10 கோடியே 38 லட்சம் பேர். அவர்களில் 7 கோடிக்கும் அதிகமானோர் கிராமங்களில் இருந்தார்கள். நாடு முழுவதும் முதியோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பெண்கள் நிலைமை இன்னும் மோசம்.

கணக்கைப் பார்த்துத்தான் இதை அறிய வேண்டும் என்பதில்லை. மாதம் பிறந்ததும் தபாலாபீஸ் கியூவில் நின்று ஊருக்கு மணியார்டர் அனுப்பிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. 2015இல் அந்தப் பழைய மணியார்டரே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆயினும், பணம் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சியாகத் திரும்பி வரும் அந்தச் சிறு ரசீதுத் துண்டு நினைவிருக்கிறதா? என் தாயாரிடமிருந்து வந்த ஒவ்வொரு ரசீதிலும் நீல மையில் ஒரு பெருவிரல் ரேகைதான் இருக்கும். நான் நாள் முழுவதும் ஆபீஸில் யார் யாருக்கோ கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். நான் எழுதிய கடிதத்தைத் தபால்காரர் படித்துக் காட்டினால்தான் அவருக்குத் தெரியும். விடுமுறையில் ஊருக்குப் போன ஒரு மாதத்தில் நான்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. அவர் காலமும் ஆகிவிட்டது.

ஊருக்குத் திரும்பும் குமாஸ்தாவுக்கு எழுத்தும் கணக்கும் தெரியும்; போவதற்கு ஓர் இடமில்லை. ஊரிலேயே இருந்துவிட்ட பெரியவர்களுக்கு எழுத்துத் தெரியாது; எந்தப் பாரத்துக்கும் யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கிறது. ஒரே தெருவில் இருக்கும் இந்த இருவரும் சந்தித்துக்கொண்டால் இருவர் குறையும் தீரும்.

இடம் இருக்கிறது

இதற்குப் புதிதாகக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. 1931இலேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போன நடமாடும் நூலகத்தைக் கண்ட நாடு நம்முடையது. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியதும், 1948இல், அன்றைய சென்னை மாகாணம்தான். 2006ஆம் ஆண்டு தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கிராம ஊராட்சிகளில் நூலகங்கள் கட்டப்பட்டன. அவற்றுள் பூட்டிக் கிடப்பவை பல. பூட்டைத் திறக்கச் சொல்லி ஊராட்சிக்கு எழுதிப் போட ஓர் ஆள் வேண்டும். மனு எழுதுவதில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள் யார்?

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. கோயில் மண்டபம், ஜாதிச் சங்கக் கட்டடம், பெரிய வீட்டுத் திண்ணை ஆகியவை வசதியாகத் தோன்றும். ஆனால் ஊரில் பாதிப்பேர் அங்கே கால் வைக்கத் தயங்குவார்கள். நூலகமோ பள்ளிக்கூடமோ எந்தத் தெருக்காரரும் கூச்சமின்றி நுழையக்கூடிய இடம். யார் வரவில்லை என்று முதல் நாளே எண்ணிப் பாருங்கள். ஏன் வரவில்லை என்பது தானே விளங்கும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, நேரம். வாரத்தில் இரண்டு நாளானாலும் நாளும் மணியும் மாறக்கூடாது. பெண்களுக்கு எந்த நேரம் தோதோ அதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பத்திரிகை. அரைமணி நேரம் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். எழுத்துத் தெரியாதவர்களும் அன்றைய பேச்சில் கலந்துகொள்வார்கள். மெதுவாகச் சிலேட்டைக் கையில் கொடுப்பதற்கு அதுவே சமயம். முதலில் அவரவர் பெயர், பிறகு ஊர்ப் பெயர், பிறகு பஸ் போர்டு என்று போனால் உற்சாகம் குன்றாது. 15 வயதுக்கு மேற்பட்ட, எழுத்தறியாத எவரும் படிக்கலாம் என்று மத்திய அரசு 2022இல் கொண்டுவந்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் தன்னார்வலர்களை நம்பியே வகுக்கப்பட்டது. உள்ளூர்த் தலைமை ஆசிரியரிடம் விசாரிப்பது நல்லது.

மூன்றாவது, பென்ஷன் வேலைகள். மத்திய அரசு பென்ஷன்தாரர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். பிராவிடண்ட் ஃபண்ட் பென்ஷன்காரர்கள் எந்த மாதத்திலும் கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும். 2014இல் வந்த “ஜீவன் பிரமாண்” முறையில் இப்போது செல்போனிலேயே முகத்தைக் காட்டி இதை முடிக்க வழி இருக்கிறது. முறை தெரிந்தவர் ஒருவர் நூலகத்தில் உட்கார்ந்தால், டவுனுக்குப் பஸ் ஏறும் அலைச்சல் பல பேருக்கு மிச்சம்.

நான்காவது, எச்சரிக்கை. போலீஸ் என்றும் பாங்க் என்றும் சொல்லிப் போனில் மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டம் வயதானவர்களைத்தான் குறி வைக்கிறது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். முதியோருக்கு வேறு உதவி தேவைப்பட்டால் 14567 என்ற இலவச எண் உண்டு. இரண்டையும் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

இவை தவிரப் பாட்டு, பஜனை, பல்லாங்குழி, பழைய கதை எல்லாம் தாமாக வந்து சேரும். அவற்றுக்குத் திட்டம் போட வேண்டியதில்லை.

தலைவர் வேண்டாம்

வெளியூரில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர்களிடம் ஒரு குணம் உண்டு. முதல் நாளே சங்கம், தலைவர், காரியதரிசி, ரப்பர் ஸ்டாம்பு, லெட்டர்பேட் என்று இறங்கிவிடுவார்கள். அடுத்த மாதம் தேர்தல், அதற்கடுத்த மாதம் சண்டை. “மும்பையில் இப்படி இல்லை” என்று பேச்சுக்குப் பேச்சு சொல்வதும் கூடாது. ஊர்க்காரர்களுக்கு நமக்குத் தெரியாத ஆயிரம் விஷயங்கள் தெரியும். எந்த மழைக்கு எதை விதைப்பது, எந்த இலை எந்த நோய்க்கு, யார் யாருக்கு எப்படி உறவு என்பதையெல்லாம் அவர்களிடம் நாம்தான் பாடம் கேட்க வேண்டும். ஒரு மணி நேரம் வாத்தியார், மறு மணி நேரம் மாணவன் என்று இருந்தால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

இந்த விவரங்களையெல்லாம் டோம்பிவிலி நண்பரிடம் சென்ற மாதம் பேசிக்கொண்டிருந்தேன். மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், “ஊரில் எங்கள் அக்கா இருக்கிறாள், சார். 72 வயசு. ரேஷன் கடையில் இன்னும் கைநாட்டுதான். எட்டு மாதம் எதிர் வீட்டிலேயே இருந்துவிட்டு வந்தேன். எனக்குத் தோன்றவே இல்லையே!” என்றார்.

போன வாரம் போன் செய்தார். பொங்கலுக்கு முன்பே ஊருக்குப் புறப்படுகிறாராம். மாட்டுங்கா மார்க்கெட்டில் அரை டஜன் சிலேட்டு வாங்கியிருக்கிறார். திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை என்றும் சொன்னார்.