மணிக்கட்டு முறிவு: முதல் எக்ஸ்ரேயுடன் முடிந்துவிடுவதில்லை

கால் இடறி விழுபவர் உள்ளங்கையை ஊன்றித் தம்மைத் தாங்கிக்கொள்வது இயல்பு. அதன்பின் மணிக்கட்டு வலித்தாலும், விரல்களை அசைக்க முடிகிறதே என்று பலர் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டு இருந்துவிடுகின்றனர். எலும்பு முறிந்திருந்தாலும் விரல்களை அசைக்க இயலும். நீவுதல் முறிவை மேலும் விலக்கக்கூடும்.

பெருவிரலை விரித்து உயர்த்தினால் அதன் அடியில், மணிக்கட்டருகே, ஒரு குழிவு தோன்றும். அங்கே அழுத்தும்போது வலித்தால், ஸ்கேஃபாய்டு எனப்படும் படகு வடிவச் சிற்றெலும்பு முறிந்திருக்கலாம். வீக்கம் சிறிதாகவே இருக்கக்கூடும். முதல் நாள் எக்ஸ்ரேயில் இம்முறிவு தெரியாமற்போவதும் உண்டு. ஆகவே ஐயமிருப்பின் மருத்துவர் கையை அசையாதவாறு கட்டி, 10 முதல் 14 நாள்களில் மீண்டும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். அல்லது சிடி, எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு அனுப்புவார்.

அறிக்கையில் “முறிவு காணப்படவில்லை” என்றிருப்பது “முறிவு இல்லை” என்று பொருள்படாது. இவ்வேறுபாட்டை அறியாது, வலி தணிந்ததும் கட்டைத் தாமே கழற்றிவிடுவோர் பின்னர் அல்லலுறலாம். இவ்வெலும்புக்குக் குருதி பெரும்பாலும் விரல்பக்க முனையிலிருந்து பின்னோக்கியே செல்கிறது. முறிவினால் அது தடைப்பட்டால், முன்கைப் பக்கத்துத் துண்டு பொருந்தாமலோ உயிரிழந்தோ போகலாம். ஆண்டுகள் கழித்து மூட்டுவாதமும் தோன்றலாம்.

கை கோணியிருந்தாலோ, காயத்தின் வழியே எலும்பு தெரிந்தாலோ, விரல்கள் மரத்து வெளிறினாலோ மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே செல்லவேண்டும். மற்றவர்கள் குடும்ப மருத்துவரை அல்லது மெடிகேர் அவசரப் பராமரிப்பு நிலையத்தை நாடலாம். இந்நிலையத்திற்கு முன்பதிவு தேவையில்லை. மெடிகேர் அட்டை உடையோருக்குக் கட்டணமும் இல்லை. எங்குச் செல்வதென்று தெரியாவிடில், ஹெல்த்டைரக்ட் தாதியரை 1800 022 222 என்ற எண்ணில் எந்நேரமும் கேட்கலாம். ஆங்கிலம் தடையாயின் முதலில் 131 450 என்ற எண்ணை அழைத்துத் “தமிழ்” என்று கூறினால் போதும். மருத்துவரிடம் பேசுகையில் பிள்ளைகளை உரைபெயர்க்கச் சொல்வதைத் தவிர்த்தல் நலம்: “எங்கே அழுத்தினால் வலிக்கிறது” என்பதே இங்கு முதன்மையான கேள்வி.

எக்ஸ்ரேக்கான பரிந்துரைப் படிவத்தில் ஒரு நிறுவனத்தின் பெயர் அச்சிடப்பட்டிருந்தாலும் வேறிடத்தில் படம் எடுத்துக்கொள்ளலாம். மெடிகேரிலேயே முழுக் கட்டணமும் அடங்குமா என முன்கூட்டியே கேட்பது நன்று. 50 வயதைக் கடந்தவருக்குச் சிறு வீழ்ச்சியிலேயே மணிக்கட்டு முறிந்திருந்தால், எலும்பு அடர்த்திப் பரிசோதனை குறித்தும் மருத்துவரிடம் கேட்கவேண்டும்.

வேலையிடத்தில் விழுந்தவர், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிடினும், நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு முதலாளிக்கு விரைவில் எழுத்துமூலம் அறிவித்து, அதன் பிரதியை வைத்துக்கொள்ளவேண்டும். முறிவு இரண்டு வாரங்களின் பின்னர் உறுதியாகும்போது இழப்பீட்டுக் கோரிக்கைக்கு அப்பிரதி துணைநிற்கும்.