அயல்நாட்டுக் காப்பித் தொழிலுக்கு யோசனை கூறச் செல்வோர் கவனிக்க வேண்டியவை

இராயப்பேட்டை மணிக்கூண்டிற்கு அண்மையில் வசிக்கும் என் நண்பர் ஒருவர் சென்ற மாதம் என்னை வரச்சொல்லி அனுப்பியிருந்தார். அவர் கோயம்புத்தூரில் காப்பிக் கொட்டையைத் தோல் நீக்கித் தரம் பிரிக்கும் ஆலையொன்றில் முப்பது வருஷ காலம் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆப்பிரிக்காவிலுள்ள ஒரு சிறு காப்பிக் கூட்டுறவுச் சங்கத்திற்கு ஆறு மாத காலம் வியாபார ஆலோசகராக வந்திருக்கும்படி ஒரு தொண்டு ஸ்தாபனத்தார் அவருக்கு எழுதியிருந்தனர். பிரயாணச் செலவும், தங்குமிடமும், உணவும் அவர்கள் பொறுப்பு, சம்பளம் கிடையாது. நண்பருக்குப் போக ஆசைதான். ஆயினும், "காப்பிச் செடிக்கு ஒரு கூடை எருவேனும் இட்டறியாத நான், பரம்பரையாகச் செடி வளர்ப்பவனுக்கு என்ன சொல்லிக்கொடுப்பேன்?" என்று கேட்டார். அவருக்கு நான் கூறிய விடையையே, இத்தகைய அழைப்பு வரக்கூடிய ஏனையோருக்கும் பயன்படும் என்று கருதி, சற்று விரிவாக இங்கு எழுதுகிறேன்.

இவ்விதத் தொண்டு புதிதன்று. இங்கிலாந்தில் 1958-லும், ஜெர்மனியில் 1983-லும், தொண்டர்களைச் சம்பளமின்றி வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஸ்தாபனங்கள் ஏற்பட்டன. அமெரிக்காவில் 1985-ஆம் வருஷச் சட்டத்தின்படி உழவர்களே பிறநாட்டு உழவர்களிடம் சில வாரங்கள் சென்று தங்கிவரும் திட்டம் ஒன்று தொடங்கிற்று. நமது இந்திய அரசாங்கமும் 1964 முதல் நிபுணர்களைப் பிற தேசங்களுக்கு அனுப்பியும், அத்தேசத்தாரை இங்கு வரவழைத்துப் பயிற்றியும் வந்திருக்கிறது. ஆகையால் வழி திறந்தே இருக்கிறது. போகிறவர் எதைக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் கேள்வி.

யோசனை கூறுபவர் நோயை மட்டும் கண்டு கணக்கைக் காணாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு, தமிழராகிய நாம் மறக்கலாகாத உதாரணம் ஒன்று அண்டையிலேயே இருக்கிறது. இலங்கையில் காப்பித் தோட்டங்கள் செழித்திருந்த நாளில், 1869-ல் இலைத்துரு நோய் கண்டது. 1880-ல் ஹாரி மார்ஷல் வார்டு என்னும் இருபத்தாறு வயதுத் தாவர சாஸ்திரி இங்கிலாந்திலிருந்து அங்கே அனுப்பப்பட்டார். இரண்டு வருஷம் உழைத்து, நோய்க்குக் காரணம் ஒரு பூசணமே என்றும், அதன் நுண்ணிய வித்துக்கள் காற்றில் பறந்து ஈரமான இலையில் முளைக்கின்றன என்றும், மலை மலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே அது பரவ வசதியாயிற்று என்றும் அவர் ஐயமற நிரூபித்தார். அவர் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அதற்குள் தோட்டங்கள் கடனில் மூழ்கியிருந்தன. அவற்றுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பாங்கு 1884-ல் முறிந்தது. நம் ஜில்லாக்களிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மலையேறிய தொழிலாளரில், கூலி நிலுவை கைக்கு வராமல் நின்றவர் அநேகர். காப்பி போய்த் தேயிலை வந்தது. ஒரே பயிரைக் கடன் பணத்தில் நட்டு, அதன் விலையையே நம்பியிருப்பதன் அபாயத்தை முப்பது வருஷம் முன்னதாக எடுத்துச் சொல்ல ஒரு கணக்கர் அங்கே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

நண்பரின் சந்தேகத்திற்கு முதல் விடை இதுவே. செடியைப் பற்றிச் சொல்ல அந்நாட்டிலேயே ஆட்கள் இருப்பார்கள். சிறு காப்பிக் குடியானவனுடைய பணம் பெரும்பாலும் செடியில் நஷ்டமாவதில்லை. பழம் பறித்த நிமிஷத்திலிருந்து கொட்டை கப்பலேறும் வரையுள்ள தூரத்திலேயே நஷ்டமாகிறது.

அது எப்படியெனில், அரபிகாக் காப்பிப் பழத்தைச் செக்கச்செவேலெனப் பழுத்த பதத்தில் பறித்து, அன்றைக்கே பல்பர் இயந்திரத்தில் இட்டுத் தோலுரிக்க வேண்டும். பிறகு கொட்டையின் மேலுள்ள வழவழப்பு நீங்க ஒரு நாளோ ஒன்றரை நாளோ தொட்டியில் புளிக்கவைத்து, சுத்தமான நீரில் கழுவி, நிதானமான வெயிலில் பரப்பிக் கிளறி, நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு பங்கு ஈரம் நிற்கும் அளவுக்கு உலர்த்த வேண்டும். பறித்த பழத்தைச் சாக்கில் கட்டி ஓர் இரவு வைத்துவிட்டால் அதற்குள்ளேயே புளிப்பு ஏறிவிடும். பின்னர் எவ்வளவு கழுவினாலும் அந்த வாடை போகாது. தனித்தனியே கைப்பல்பர் வைத்து, கிடைத்த தண்ணீரில் கழுவி, வாசல் மண்ணில் உலர்த்தும் குடியானவன் நல்ல பழத்தையே வளர்த்திருந்தாலும், அவன் சரக்கு தாழ்ந்த ரகமாகத்தான் விலைபோகும். சுமார் 6 கிலோ பழத்திலிருந்து 1 கிலோ சுத்தக் கொட்டை கிடைக்கும் என்ற கணக்கையும் இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்வது நலம்.

இந்த இடத்தில் யோசனை பலித்த தேசம் ருவாண்டா. நடு ஆப்பிரிக்காவிலுள்ள அச்சிறு மலைநாட்டில், பெல்ஜியர் ஆட்சியில் குடிகள் கட்டாயத்தின்பேரில் காப்பி நட்டனர். 1994-ஆம் வருஷப் படுகொலையில் தேசமே குலைந்தது. காப்பியும் கவனிப்பாரற்று, மட்டச் சரக்கென்று பெயரெடுத்தது. 2001 முதல், அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் சர்வகலாசாலையாரும், டெக்ஸாஸ் ஏ அண்டு எம் சர்வகலாசாலையாரும், ருவாண்டா தேசிய சர்வகலாசாலையாருடன் சேர்ந்து அங்கு வேலை தொடங்கினர். புட்டாரே நகருக்கு அருகிலுள்ள மராபா என்னும் ஊரில் ஏற்கெனவே குடியானவர் சங்கம் ஒன்று இருந்தது. அதன் அங்கத்தினரில் படுகொலையில் கணவரை இழந்த பெண்கள் பலர். அச்சங்கத்திற்கு ஒரு பொதுக் கழுவு நிலையம் அமைக்கப்பட்டது. அங்கத்தினர் பழத்தை அன்றன்றே அங்கே கொண்டுவந்து எடைபோட்டுக் கொடுத்தனர். சிறிது காலத்திலேயே அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உள்ள வறுப்பு வியாபாரிகள் மராபாக் காப்பியை அதன் ஊர்ப் பெயராலேயே வாங்கலாயினர். 2008-ல், ஆப்பிரிக்காவிலேயே முதன்முறையாக, உயர்ந்த காப்பிக்கான சர்வதேசப் போட்டியும் ருவாண்டாவில் நடந்தது.

அங்கு நடந்த காரியங்களில் நான் முக்கியமாகக் கருதுவது கழுவு நிலையத்தை அன்று. உள்ளூர் வாலிபர்களுக்குக் காப்பியைச் சுவைத்துத் தரம் காணப் பயிற்சி அளித்ததையே. காப்பியை விளைவிப்பவன் அதைக் குடிப்பதில்லை என்பது அநேக தேசங்களில் உள்ள நிலைமை. தன் சரக்கின் சுவையை அறியாதவன், வாங்குபவன் சொன்னதைத்தான் நம்பவேண்டும். வியாபாரத்தில் நூற்றுக்கு 80 மதிப்பெண்ணுக்கு மேற்பட்டதை உயர்ரகம் என்று வைத்திருக்கிறார்கள். தன் சரக்கு 78-ஆ, 84-ஆ என்று சங்கத்தாரே சொல்லக்கூடுமானால் பேரத்தின் தன்மையே மாறிவிடும். ருவாண்டாக் காப்பியில் சிற்சில சமயம் பச்சை உருளைக்கிழங்கு வாடை வீசும் குறை உண்டு. அது ஒருவகை நாவாய்ப்பூச்சி பழத்தைத் துளைப்பதோடு தொடர்புடையது. அக்குறையுள்ள சரக்கைக் கப்பலேறுவதற்கு முன்பே கண்டு விலக்குவதற்கும் உள்ளூர் நாக்குகள்தான் உதவின.

எனினும் ருவாண்டாவின் கதை அத்துடன் முடியவில்லை. மராபாவின் வெற்றியைக் கண்டு நாடெங்கும் கழுவு நிலையங்கள் முளைத்தன. பதினைந்து வருஷத்திற்குள் 200-க்கு மேற்பட்டுவிட்டன. பழம் அந்த விகிதத்தில் பெருகவில்லை. பல நிலையங்கள் தம் சக்திக்கேற்ற பழம் கிடையாமல், கடனைத் தீர்க்க வழியின்றித் தவித்தன. அருகருகே நிலையங்கள் வந்தபோது, முன்பணம் கொடுத்த நிலையத்திற்குப் பழம் கொடாமல் அன்றைக்குக் கூட விலை கொடுத்த நிலையத்திற்குக் கொடுப்பதும் நிகழ்ந்தது. அதனால் முன்பணம் கொடுக்கும் வழக்கமே குன்றியது. கஷ்டகாலத்தில் கிடைத்துவந்த முன்பணம் போனதால், போட்டி அதிகரித்தும் குடியானவனுக்கு நன்மை அதிகரிக்கவில்லை என்று இதை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

என் நண்பரைப் போன்ற கணக்கர் தேவைப்படுவது இங்கேதான். ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு நிலையம் பருவத்திற்கு 60,000 கிலோ பழம் வாங்கினால் 10,000 கிலோ கொட்டை கிடைக்கும். காவலாள், மேஸ்திரி, இயந்திரத் தேய்மானம், கடன் வட்டி ஆகிய மாறாத செலவு 4 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 40 ரூபாய் விழும். பழம் பாதியாகக் குறைந்தால் அதே செலவு கிலோவுக்கு 80 ரூபாயாகிவிடும். அந்த 40 ரூபாயை வாங்குபவன் தரமாட்டான். அது பழத்தின் விலையிலிருந்துதான் பிடிக்கப்படும். மேலும், பழம் கொண்டுவரும் ஏழைக்கு அன்றைக்கே ரொக்கம் கொடுத்தாக வேண்டும். கொட்டை விற்ற பணமோ மூன்று நான்கு மாதம் கழித்தே வரும். இந்த இடைக்காலத்திற்குப் பணம் எங்கிருந்து வரும், என்ன வட்டிக்கு வரும் என்பதைப் பருவம் தொடங்குமுன் எழுதிவையாத சங்கம், நடுப்பருவத்தில் தரகனிடம் போய் நிற்கும்.

பிறருக்குச் சொல்லுமுன் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு மலைக்கிராமத்தில் நான் வேலை பார்க்கையில், சிறு காப்பித் தோட்டக்காரர் பன்னிருவரைக் கூட்டி, பொதுவாக ஒரு பல்பர் வாங்கும்படி வெகு உற்சாகமாகப் போதித்தேன். வாங்கினார்கள். மார்கழி வரையில் நன்றாக ஓடிற்று. தையில், பழம் மும்முரமாக வரும் சமயத்தில், ஓடை வற்றிவிட்டது. நான் அவ்வூருக்கு முதன்முதல் போனது ஐப்பசி மழையில்; ஓடையைப் பார்த்தேனே தவிர, தையில் அதில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று ஒரு கிழவியைக்கூடக் கேட்கவில்லை. கடன் தவணையை அவர்கள் மூன்று வருஷம் கட்டினார்கள். "நீங்கள் நல்லதற்குத்தானே சொன்னீர்கள், ஐயா" என்று அவர்களில் ஒரு பெரியவர் சொன்னது, வைதிருந்தால் உறைத்திருப்பதைவிட அதிகமாக எனக்கு உறைத்தது. சம்பளமின்றி வருகிறவரிடம் ஜனங்கள் இன்னும் மரியாதையாக நடந்துகொள்வார்கள். தவறென்று தோன்றினாலும் மறுத்துச் சொல்லமாட்டார்கள். இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

விலை விஷயமாக ஒரு வார்த்தை. அரபிகாவின் விலை நியூயார்க்கு சந்தையில், ஒரு ராத்தலுக்கு இத்தனை அமெரிக்க சென்ட் என்று நிர்ணயமாகிறது. ராத்தல் என்பது சற்றேறக்குறைய 454 கிராம். 300 சென்ட் என்றால் கிலோ கொட்டைக்கு 6 டாலர் 61 சென்ட். ஆறில் ஒரு பங்கு வீதம் கிலோ பழத்திற்கு 1 டாலர் 10 சென்ட். இதிலிருந்து கழுவுகூலி, லாரி, ஆலைச்செலவு, வட்டி யாவும் கழிந்து மிஞ்சுவதே குடியானவனுக்கு. 1962-ல் தேசங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் கீழ் இருந்த ஏற்றுமதிப் பங்கீடு 1989 ஜூலையில் நின்றுபோயிற்று. அதன்பின் இவ்விலை 2001-ல் 50 சென்ட்டுக்குக் கீழ் விழுந்தது. 2025 பிப்ரவரியில் 400 சென்ட்டைத் தாண்டியது. நம் நாட்டில் 1942-ஆம் வருஷச் சட்டத்தின்படி காப்பி போர்டே சரக்கைப் பொதுவில் சேர்த்து விற்றுக் கொடுத்துவந்தபடியால், தோட்டக்காரருக்கு இந்த ஏற்ற இறக்கம் நேராகத் தாக்கவில்லை. 1996-க்குள் அவ்வேற்பாடு படிப்படியாக நீங்கியபின், நம் சிறு தோட்டக்காரர்களும் இதையெல்லாம் தாமே கற்க நேர்ந்தது. என் நண்பர் அந்த இரண்டு காலத்தையும் ஆலைக்குள்ளிருந்தே பார்த்தவர். அந்த அநுபவத்தை எந்தப் புஸ்தகத்திலும் பெற முடியாது.

வெளியார் துணை வேரூன்றியதற்கு நம் நாட்டிலேயே ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கைக் காட்டலாம். அங்குள்ள ஆதிவாசிக் குடும்பங்கள் மரநிழலில் மிளகுடன் வளர்க்கும் காப்பியை, நாந்தி பவுண்டேஷன் என்னும் தொண்டு ஸ்தாபனத்தார் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாகத் திரட்டிப் பக்குவம் செய்ய ஏற்பாடு செய்தனர். 2017-ல் பாரிஸ் நகரத்திலேயே அரக்குக் காப்பிக்கு ஒரு கடை திறக்கப்பட்டது. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இது ஆறு மாதத்தில் நடந்ததன்று. பதினைந்து வருஷத்திற்கு மேற்பட்ட வேலை. ஆறு மாதத்திற்குச் செல்பவர், தாம் முடிக்கக்கூடியது இன்னது என்று அளவாக நினைத்துக்கொள்வது நல்லது.

கொடுப்பது போலவே வாங்கிவருவதற்கும் உண்டு. நம் மலைகளில் இப்போது பலர் நடும் சந்திரகிரி ரகம் 2007-ல் வெளியிடப்பட்டது. அதன் துருநோய் எதிர்ப்புச் சக்தி, தைமூர் தீவில் அரபிகாவும் ரோபஸ்டாவும் தாமாகக் கலந்து உண்டான ஒரு மரத்தின் வழியாக வந்தது.

நண்பர் ஒப்புக்கொண்டு எழுதிவிட்டார். முதல் மாதம் ஒரு யோசனையும் கூறாமல், சங்கத்தின் மூன்று வருஷக் கணக்கையும் பழம் கொண்டுவரும் வரிசையையும் பார்த்திருப்பதென்றும், உள்ளூர்ப் பெண்ணோ பிள்ளையோ இருவரை உடன் வைத்துக்கொண்டு அவர்கள் பாஷையிலேயே பேரேடு எழுதப் பழக்குவதென்றும், அவர்களே தனியாக ஒரு மாதக் கணக்கை முடிக்கும் வரை புது இயந்திரம் எதற்கும் கையெழுத்திட விடுவதில்லை என்றும் தீர்மானித்திருக்கிறார். சுவை பார்க்கும் முறையில் அவருக்குப் பழக்கம் குறைவாகையால், புறப்படுமுன் பெங்களூரில் காப்பி போர்டார் நடத்தும் காப்பி சாஸ்திரப் பயிற்சிக்குச் சென்றுவரும்படி சொல்லியிருக்கிறேன். சாகுபடியையும் கண்ணால் பார்க்க விரும்புவோர், திண்டுக்கல் ஜில்லா தாண்டிக்குடியிலுள்ள காப்பி ஆராய்ச்சி நிலையத்திற்குப் பழம் பறிக்கும் மாதங்களில், முன்கூட்டி எழுதிவிட்டுச் செல்லலாம்.