எட்டாம் மாதத்து வாந்தி

கர்ப்பகாலக் கொழுப்புக் கல்லீரல் நோய், ஏறத்தாழ 7,000 முதல் 20,000 கர்ப்பங்களில் ஒருவருக்கு வரும் அரிய நோய். பெரும்பாலும் 30ஆம் வாரத்துக்குப் பிறகுதான் தாக்கும். மதுவாலும் உடல் பருமனாலும் ஆண்டுக்கணக்கில் சேரும் கொழுப்புக் கல்லீரலுக்கும் இதற்கும் பெயரில் மட்டுமே உறவு. இங்கே கல்லீரல் செல்களுக்குள் நுண்ணிய கொழுப்புத் துளிகள் நிறைந்து, சில நாட்களிலேயே கல்லீரல் செயலிழக்கத் தொடங்கிவிடும்.

தொடக்கம் ஏமாற்றக்கூடியது. குமட்டல், வாந்தி, பசியின்மை, மேல்வயிற்று வலி, எழுந்து நடக்கவும் முடியாத அசதி. வீட்டில் பித்தம் என்று சொல்லி இஞ்சிச் சாறு கொடுத்துப் பார்ப்பார்கள். மசக்கை பெரும்பாலும் நாலைந்து மாதத்தில் அடங்கிவிடும். அப்படி அடங்கிய வாந்தி எட்டாம் மாதத்தில் மறுபடி வந்தால் அதை மசக்கைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அன்றே ரத்தப் பரிசோதனை வேண்டும். சிலருக்கு அடங்காத தாகமும் இருக்கும். கண் மஞ்சளாகட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. அதற்குள் ரத்தச் சர்க்கரை இறங்கி, ரத்தம் உறையும் திறன் குறைந்து, சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

காரணம் சிலரிடம் தாயின் உடலில் அல்ல, வயிற்றிலுள்ள குழந்தையிடம் இருக்கிறது. நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை எரிக்க உதவும் நொதி ஒன்றின் மரபணு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதாகவே குழந்தைக்கு வந்திருக்கும். குழந்தையும் நஞ்சுக்கொடியும் எரிக்க முடியாத கொழுப்பு அமிலங்கள் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. தாயிடமும் அந்த மரபணுவின் ஒரு பிரதி பழுது என்பதால், அவள் கல்லீரலால் அந்தச் சுமையைத் தாங்க முடிவதில்லை. முதல் கர்ப்பத்திலும் இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பவர்களிடமும் இந்நோய் கூடுதலாகக் காணப்படுகிறது.

இதே மாதங்களில் ரத்த அழுத்தம் ஏறித் தட்டணுக்கள் குறையும் ‘ஹெல்ப்’ நோயும், அசுத்தக் குடிநீரால் பரவி கர்ப்பிணிகளைக் கடுமையாகத் தாக்கும் ஹெபடைட்டிஸ் ஈ வைரஸும் ஏறக்குறைய இதே தோற்றத்தில் வரும். பிரித்தறிவது மருத்துவருக்கே சவால்.

1940இல் ஹெரால்ட் ஷீஹன் இதைத் தனி நோயாக விவரித்த காலத்தில் தாய்மார்களில் பெரும்பாலோர் இறந்தனர். இன்று தீவிர சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைகளில் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். நோயை நிறுத்தும் மருந்து எதுவும் இல்லை. தாமதிக்காமல் பிரசவம் செய்வதுதான் வழி. குளுக்கோஸ் ஏற்றி, பிளாஸ்மா கொடுத்து, தாயின் நிலையைச் சீராக்கிக்கொண்டே பிரசவத்துக்கு ஏற்பாடு செய்வார்கள். அதன்பின் கல்லீரல் சில வாரங்களில் தேறிவிடும். வழக்கமாக நிரந்தரத் தழும்பு இருக்காது.

தாய் பிழைத்த மகிழ்ச்சியில் குழந்தையின் பரிசோதனை விட்டுப்போகக் கூடாது. அந்த நொதிக் குறை உள்ள குழந்தை நெடுநேரம் பசித்திருந்தால் சர்க்கரை திடீரென இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். முன்பே தெரிந்தால், இடைவெளி நீளாமல் பாலூட்டியும் மருத்துவர் சொல்லும் தனி வகைக் கொழுப்புள்ள பாலைக் கொடுத்தும் காப்பாற்ற வழியுண்டு.